தேரூர் கொளத்துல ஊசிவால் வாத்து பாக்க வாங்குன 8×42 பைனாகுலர்: ஒரு சீசன் முழுக்க யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

போன அக்டோபர்ல ஆயுதபூஜை கழிஞ்ச வாரம் ஆன்லைன்ல வாங்குனது, இப்ப ஏப்ரல் ஆச்சு. நடுவுல ஒரு மாசம் சர்வீசுக்கு போன கதை இருக்கு, அத பின்னால சொல்றேன். மிச்ச நாளெல்லாம் ஞாயித்துக்கெழம தவறாம கழுத்துல போட்டுக்கிட்டு எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல தேரூர், சுசீந்திரம், மணக்குடி, புத்தளம் உப்பளம்னு சுத்தியாச்சு. அதனால இத நம்பி எழுதலாம்னு நெனைக்கேன். கம்பெனி பேரு போடல, ஏன்னா இதே பொருள் நாலஞ்சு பேர்ல வருது, மேல ரப்பர் கலர் மட்டுந்தான் மாறுது. நீங்க பாக்கவேண்டியது நம்பர் தான். 8×42, ரூஃப் பிரிசம் (குழாய் நேரா இருக்க வகை), உள்ள பேக்-4 கண்ணாடி (பிரிசத்துக்கு போடுற தரமான கண்ணாடி), ஆவி புடிக்காம இருக்க நைட்ரஜன் நெரச்சது, எடை 650 கிராம் கிட்ட. நான் குடுத்தது 9,400 ரூபா. எங்க வீட்டுக்கு இது சின்ன காசு இல்ல, தீபாவளி துணிய அந்த வருசம் கொறச்சுக்கிட்டோம்.

ஏன் வாங்குனேன்னா எனக்க மகளாலதான். அவ ஏழாம் கிளாஸ். ஒருநாள் சுசீந்திரம் கொளத்து ரோட்டுல பைக்க நிறுத்திட்டு ரெண்டுபேரும் சாயா குடிச்சிட்டு நிக்கும்போது நடுவுல கறுப்பு கறுப்பா பொட்டு வச்ச மாதிரி மெதக்குதுல்ல, அத காட்டி "அப்பா அது என்னது"ன்னு கேட்டா. "தாரா, மக்களே"ன்னேன், எங்க பக்கம் வாத்துக்கு அதான் பேரு. "எந்த தாரா?" அப்படின்னா. எனக்கு வாய் அடச்சுப்போச்சு. நான் பொறந்தது அந்த கொளத்துல இருந்து மூணு கிலோமீட்டர்ல, எங்க அப்பா அந்த தண்ணி பாயிற வயல்லதான் கும்பப்பூ நெல்லு நட்டாரு, நாப்பது வருசமா வருசாவருசம் அது வருது போவுது, எனக்கு தெரிஞ்ச பேரு தாரா மட்டுந்தான். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, நெசமா சொல்றேன்.

மொதல்ல நான் செஞ்ச தப்ப சொல்லிடுறேன், மத்தவங்க அதுல விழாம இருக்கட்டும். கடற்கரை பக்கம் டூரிஸ்டுக்கு விக்கிற கடையில 30×60-ன்னு போட்ட ஒண்ண 1,200 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். லென்சு செவப்பா மினுங்கும், பாக்க கெத்தா இருக்கும். எல்லாமே பச்சை பாஞ்சாப்ல தெரியும், ரெண்டு கண்ணும் ஒண்ணு சேராது, பத்து நிமிசத்துல தலைவலி. பெறவுதான் வெளங்குச்சு, பைனாகுலர்ல மொத நம்பர் எத்தன மடங்கு கிட்ட இழுக்கும்னு, ரெண்டாவது நம்பர் முன்பக்க லென்சோட அகலம் மில்லிமீட்டர்ல. அறுபதுன்னு போட்டிருந்தா ஆறு சென்டிமீட்டர் அகலம் இருக்கணும், அந்த பொம்மையில லென்சு எனக்க பெருவெரல் நகத்த விட கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்க, நம்பர் பொய்யா நெசமான்னு அங்கயே தெரிஞ்சிரும்.

சரி 8×42-க்கு வாரேன். 42-அ 8-ஆல வகுத்தா 5.25. பைனாகுலர கைநீட்டி தூரத்துல புடிச்சு வெளிச்சத்த பாத்தா கண்ணு வைக்கிற பக்கம் ஒரு வெள்ள வட்டம் தெரியும்ல, அதோட அகலம்தான் இந்த அஞ்சேகால் மில்லிமீட்டர். நம்ம கண்ணோட பாப்பா நல்ல வெயில்ல ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் தெறந்திருக்கும், கருக்கல்ல பெருசாவும். வட்டம் பெருசா இருந்தா கருக்கல்லயும் கண்ணு நெறய வெளிச்சம் வரும், கை கொஞ்சம் அசஞ்சாலும் படம் கறுக்காது. கொளத்துக்கு இதுதான் முக்கியம், ஏன்னா நாம போறது வெள்ளனே ஆறு ஆறேகாலுக்கு. 10×42 வாங்கலாமேன்னு நெறய பேரு கேக்காங்க, நானும் ஒரு கூட்டாளியோடத வாங்கி பாத்தேன், பறவை பெருசா தெரியுது, ஆனா நம்ம கை நடுக்கமும் பெருசா தெரியுது, மணக்குடி பாலத்துல கடல் காத்துல நின்னா எனக்கு 10 ஒத்துவரல. எட்டுதான் சரி.

டயாப்டர்னா ரெண்டு கண்ணுக்கும் பார்வை ஒத்துவர வைக்கிற சின்ன வளையம். அத செட் பண்ணத் தெரியாம பாதிபேரு நல்ல பைனாகுலரயே மோசம்னு சொல்லிட்டு திருப்பி அனுப்புறாங்க, அதனால இத மட்டும் பொறுமையா எழுதுறேன். எட்டத்துல அசையாத ஒரு பொருள புடிங்க, நான் புடிச்சது மின்கம்பத்துல இருக்க நம்பர் பலகை. வலது பக்க லென்ச கையால மூடிட்டு, ரெண்டு கண்ணையும் தெறந்தே வச்சுக்கிட்டு, நடு சக்கரத்த திருப்பி இடது கண்ணுக்கு நம்பர் வெட்டு வெட்டா தெரியுற மாதிரி வைங்க. பெறவு இடத மூடிட்டு வலது கண்ணு பக்கம் இருக்க சின்ன வளையத்த மட்டும் திருப்பி அதே நம்பர தெளிவாக்குங்க. அவ்வளவுதான், அப்புறம் நடு சக்கரம் மட்டும் தொட்டா போதும். என்னோடதுல அந்த வளையம் கொஞ்சம் லூசு, பையில இருந்து எடுக்கும்போது தானா திரும்பிருது, அதனால சரியான எடத்துல வெள்ள பெயிண்டால ஒரு புள்ளி வச்சிருக்கேன். கண்ணாடி போட்டவங்க கண்ணு வைக்கிற ரப்பர் வளையத்த கீழ எறக்கி வச்சுக்கணும், இல்லன்னா சாவித் தொவாரம் வழியா பாக்காப்ல இருக்கும். நான் கண்ணாடி போட்டவன், இதுல ஓரம் லேசா வெட்டுப்படுது, ஆனா பழகிருச்சு.

மொத ஞாயிறு தேரூர். இந்த சுசீந்திரம் தேரூர் கொளமும் ராஜாக்கமங்கலம் பக்கம் இருக்க வேம்பனூரும் 2022-ல ராம்சார் பட்டியல்ல சேந்துச்சு, உலக அளவுல முக்கியமான ஈரநெலம்னு. மத்திய ஆசியாவுல இருந்து எறங்குற பறவைகளோட வழித்தடத்துல இந்தியாவோட தென்கோடி நம்மூருதான், இத தாண்டுனா எலங்கை. கருங்கல் கட்ட மேல கைமுட்டிய ஊனி வச்சு பாத்தேன். அந்த கறுப்பு பொட்டெல்லாம் ஒவ்வொண்ணா ஒரு உருப்படி ஆச்சு. மூக்கு நுனியில மஞ்சள் வச்ச புள்ளிமூக்கு வாத்து, இது நம்மூர்லயே இருக்கது. சீழ்க்கைச் சிறகி, அதுவும் உள்ளூர். நெத்தியில வெள்ளச் சுட்டி வச்ச நாமக்கோழி. அதுக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் சின்னதா, கண்ணுக்கு மேல கோடும் கண்ணு வழியா ஒரு கறுப்பு கோடும் கீழ இன்னொண்ணுமா மூஞ்சி பூரா வரிவரியா ஒரு கூட்டம். மக சட்டுன்னு "நீலச்சிறகிப்பா"ன்னா. புக்கு பாத்து படிச்சு வச்சிருக்கா. ஒண்ணு எந்திரிச்சு றெக்கைய உதறுச்சு பாருங்க, தோள்பட்ட பக்கம் அந்த சாம்பல் கலந்த வெளிர்நீலம், ஒரு நொடிதான். ரெண்டுபேரும் பேசவே இல்ல கொஞ்ச நேரம்.

நீலச்சிறகிதான் நம்ம பக்கம் மொதல்ல வந்து கடைசில போற வாத்து. ஆகஸ்ட் கடைசி செப்டம்பர்லயே தல காட்டிரும், சிலது ஏப்ரல் தாண்டியும் கெடக்கும். ஐரோப்பால இருந்து ஆசியாவோட அந்தக் கோடி வரைக்கும் கோடைல குஞ்சு பொரிக்குற இந்த எனம் குளிருக்கு ஒட்டுமொத்தமா எடத்த காலி பண்ணிட்டு ஆப்பிரிக்கா, இந்தியா, தென்கிழக்கு ஆசியான்னு எறங்கிருது. ஊசிவால் வாத்து கொஞ்சம் வேற மாதிரி. சைபீரியா, ரஷ்யாவோட வடக்கு, அந்தப்பக்கம் அலாஸ்கா, கனடான்னு பூமியோட தலைய சுத்தி எல்லா எடத்துலயும் முட்ட போடும், குளிர்காலத்துல ஒரு பங்கு ஐரோப்பால கடலோரமா தங்கிரும், ஒரு பங்கு ஆப்பிரிக்காவுக்கு, ஒரு பங்கு மெக்சிகோ வரைக்கும், நமக்குன்னு வாரது இந்தியா எலங்கை பக்கம் எறங்குறது. ஒடிசாவுல சிலிகா ஏரில பெருங்கூட்டமா கெடக்கும், நம்ம தமிழ்நாட்டுல கோடியக்கரை, பழவேற்காடு. தெற்க வர வர எண்ணிக்கை கொறஞ்சு, தேரூருக்கு வாரது அதுல ஒரு துளிதான். சைபீரியால இருந்து கணக்கு போட்டா 5,000 கிலோமீட்டருக்கு கொறையாது. 1960-கள்ல சாலிம் அலி தலைமையில மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க வாத்துங்க காலுல வளையம் மாட்டி விட்டதுல ரஷ்யா பக்கம் போயி கெடச்சதெல்லாம் உண்டு. அப்படித்தான் இது எங்க இருந்து வருதுன்னே நமக்கு உறுதியாச்சு.

நவம்பர்ல ஊசிவால் வந்திருச்சுன்னு ஒரு பேச்சு கேட்டு ஓடுனோம். ரெண்டு ஞாயிறு நானும் பாக்கேன் பாக்கேன், ஊசியும் இல்ல வாலும் இல்ல. பைனாகுலர்தான் சரியில்லையோன்னு எனக்கு சந்தேகமே வந்திருச்சு. விஷயம் என்னன்னா ஆண் ஊசிவால் வந்து எறங்கும்போது அந்த நீட்ட வாலும் சாக்லேட் தலையும் இருக்காது, முட்டைக்காலம் முடிஞ்சதும் எறகு உதிர்த்து பெட்டை மாதிரியே பழுப்பா மாறிருக்கும். நம்மூருக்கு வந்து தண்ணில கெடந்துதான் மாப்பிள்ளைக் கோலத்துக்கு மாறுது, டிசம்பர் ஜனவரில முழுசா ஆவும். அதனால நவம்பர்ல வாலத் தேடாதீங்க, கழுத்த தேடுங்க. மத்த வாத்த விட கழுத்து மெலிஞ்சு நீண்டிருக்கும், மூக்கு மஞ்சளா இல்லாம சாம்பலா இருக்கும், தல சின்னதா உருண்டையா இருக்கும். இது தெரிஞ்சப்புறம் அதே எடத்துல அதே கூட்டத்துல எட்டு ஊசிவால் எண்ணுனோம். ரெண்டு வாரமா கண்ணு முன்னாலயே கெடந்திருக்கு. 1,200 ரூபா பொம்மையில மூக்கு கலரு தெரிஞ்சிருக்கவே செய்யாது. நான் குடுத்த காசு செல்லுபடியானது அந்த சாம்பல் மூக்குலதான்.

தோவாளை சந்தைக்கு தாமரை பறிக்க கொளத்துக்குள்ள எறங்குற ஒரு அண்ணாச்சி உண்டு. ஒருநாள் கரையேறி ஈரத்தோட வந்து பக்கத்துல உக்காந்தாரு. "என்ன தம்பி டெய்லி குழாய வச்சு என்னத்த பாக்குதிய?" ன்னாரு. குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்தாரு. பெறவு சொன்னாரு, "இதுவ பகல்ல சும்மா கெடக்கும் தம்பி, ராத்திரி ஆனா வயலுக்கு எறங்கும், எறகு சத்தம் கேக்கும், விடியும் முன்ன திரும்பிரும்." அது அப்படியே உண்மை. இந்த ரக வாத்துங்க குளிர்காலத்துல மேயிறது பெரும்பாலும் ராத்திரிலதான், சிந்துன நெல்லு, புல்லு விதை, சேத்துல இருக்க புழுப்பூச்சி. பகல்ல நடுத்தண்ணில கெடக்குறது ஓய்வு. படிச்சு நான் தெரிஞ்சுக்கிட்டத அவரு காதால கேட்டே முப்பது வருசமா தெரிஞ்சு வச்சிருக்காரு.

இப்ப நான் எழுத வந்த முக்கியமான விஷயம் இது. இந்த பைனாகுலரோட பெரிய நன்ம பறவை கிட்ட தெரியுறது இல்ல, நாம கிட்ட போகவேண்டாம்ங்கிறது. டிசம்பர்ல ஒரு ஞாயிறு, கார்ல வந்த நாலு பேரு, பெரிய கேமரா, பறக்குற ஷாட்டு வேணும்னு ஒருத்தன் கல்ல எடுத்து எறிஞ்சான். மொத்தமும் எந்திரிச்சுது. நீலச்சிறகி, தட்டைவாயன், ஊசிவால், நாமக்கோழி, எல்லாம். நாலு சுத்து சுத்துச்சு, எறங்க பயந்து வடக்க போயிருச்சு. அன்னைக்கு திரும்பி வரவே இல்ல. போயி கேட்டேன், "சார், ஒரு போட்டாதானே, இதுக்கு போயி"ன்னாங்க. ராத்திரி பூரா மேஞ்சு சேத்து வச்ச கொழுப்புதாங்க அது மார்ச்சுல திரும்பி பறக்குறதுக்கான பெட்ரோலு. நடுவுல பங்க் கெடையாது. ஒவ்வொருக்கா நாம கெளப்பிவிடும்போதும் அதுல இருந்துதான் எரியுது. எனக்க மக அழுதுட்டா. கரையில நின்னு, கட்ட மேல கைய ஊனி, எட்டு மடங்குல பாத்தா அது நம்மள பாத்ததா கூட காட்டிக்காது, கழுத்த முதுகுல சொருகிட்டு ஒரு கண்ண மட்டும் தெறந்து தெறந்து மூடும். அத பாக்க முடியுறப்போ எதுக்கு கல்லு.

சர்வீசு கதை. டிசம்பர் கடைசில பைக்ல இருந்து எறங்கும்போது பை நழுவி தார் ரோட்டுல விழுந்துச்சு. வெளிய ஒரு கீறல் கூட இல்ல, ஆனா படம் ரெண்டா தெரியுது, உள்ள பிரிசம் எடம் மாறிருச்சு. இதுக்கு பேரு அலைன்மென்ட் போறது, நம்மளால வீட்ல சரிபண்ண முடியாது, ஸ்குருவ தொடாதீங்க. பில்லோட வெளியூருக்கு கொரியர் பண்ணேன், பத்து நாள்ல வரும்னாங்க, போன் பண்ணா எடுக்கமாட்டாங்க, எடுத்தா வேற ஆளு, மறுபடி மொதல்ல இருந்து சொல்லணும். முப்பத்திநாலு நாளு ஆச்சு. ஜனவரி பூரா போச்சு. ஆசிய நீர்ப்பறவை கணக்கெடுப்புன்னு 1987-ல இருந்து வருசா வருசம் ஜனவரில நடக்குதே, அதுல இந்த வருசம் சேரணும்னு மக நோட்டெல்லாம் அட்டை போட்டு வச்சிருந்தா. வேற ஒருத்தர் ஸ்கோப்புல (ஸ்டாண்டுல வச்சு ஒரு கண்ணால பாக்குற தொலைநோக்கி) பாத்து நம்பர் சொல்ல, நாங்க எழுதிக்குடுத்தோம், அதுவும் சந்தோசந்தான், ஆனா நம்ம கண்ணால பாக்குறது வேறதானே. திரும்பி வந்தது சரியாதான் வந்துச்சு, காசு 1,100 வாங்குனாங்க, விழுந்ததுக்கு வாரண்டி இல்லன்னு. காசுக்கு நான் வருத்தப்படல, தாமதத்துக்குத்தான் வருத்தம். வாங்கும்போதே சர்வீசு எங்க, எத்தன நாளுன்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க. இதுக்காக ரேட்டிங்ல ஒரு ஸ்டார் கொறைக்கேன்.

பிப்ரவரி மொத ஞாயிறு. வெயிலு முதுகுக்கு பின்னால வர்ற மாதிரி எடம் பாத்து நின்னோம், இது ரொம்ப முக்கியம், வெயிலுக்கு எதிர நின்னா எவ்வளவு நல்ல பைனாகுலரும் எல்லாத்தையும் கறுப்பு பொம்மையா காட்டும். ஆகாயத்தாமரை ஒதுங்குன ஒரு சந்து, அதுல ஊசிவால் ஆண் ஒண்ணு. தல நல்ல காப்பிக்கொட்டை கலரு. அந்த பழுப்புக்குள்ள காதுப்பக்கத்துல இருந்து ஒரு வெள்ளக்கோடு மெலிசா எறங்கி, கழுத்துக்கு வந்து அகலமாகி, நெஞ்சு முழுக்க வெள்ளையாவுது, யாரோ பெயிண்ட் பிரஷ்ஷ மேல இருந்து கீழ ஒரே இழுப்பா இழுத்தாப்ல. விலாவுல சாம்பல், கிட்ட பாத்தா அது சாம்பல் இல்ல, மயிரிழை மாதிரி கறுப்பு வெள்ள அலை அலையா கோடு. மூக்கோட ரெண்டு ஓரமும் நீலச்சாம்பல், நடுவுல கறுப்பு பட்டை. வாலு, அந்த நடு எறகு ரெண்டும் ஒரு சாண்ல பாதி இருக்கும், தண்ணிய தொடாம மேல தூக்கி வச்சிருந்துச்சு. திடீர்னு தலகீழா கவுந்துச்சு, பின்பக்கம் மட்டும் மேல, வாலு நேரா வானத்த காட்டுது, காலு ரெண்டும் அடிச்சுக்கிட்டே பேலன்ஸ் புடிக்குது. கழுத்து நீளமா இருக்கதால மத்த சின்ன வாத்துக்கு எட்டாத ஆழத்துல இருக்கது இதுக்கு எட்டும். நிமிந்தப்போ மூக்கு நுனியில ஒரு சொட்டு தண்ணி தொங்குச்சு, அது விழுறத பாத்தேன். எம்பது மீட்டர் தள்ளி நின்னு ஒரு சொட்டு தண்ணி விழுறத பாத்தேங்க.

அதுக்கு பக்கத்துல பெட்டை ஒண்ணு, விடாம ஆண் ஒண்ணு சுத்துது, கழுத்த மேல நீட்டி நீட்டி காட்டுது. இவங்க ஜோடி சேருறது நம்மூர்ல வச்சுத்தான், குளிர்காலத்துலயே. அப்புறம் பெட்டை தான் பொறந்த பக்கத்துக்கு திரும்பிப் போவும், ஆண் அது பின்னாலயே போவும். பொண்ணு ஊருக்கு மாப்பிள்ளை போற கணக்கு. அப்போ சைபீரியால போயி குடித்தனம் பண்ற ஜோடிக்கு நிச்சயதார்த்தம் நடந்தது தேரூர்ல. இத சொன்னதுல இருந்து எங்க வீட்டுக்காரியும் ஞாயித்துக்கெழம கெளம்ப ஆரம்பிச்சுட்டா.

மணக்குடி, புத்தளம் பத்தியும் சொல்லணும். பழையாறு கடல்ல சேருற எடம், அலையாத்தி மரம் நிக்கும், 2004 சுனாமில பாலமே போன ஊரு. அங்க வாத்த விட ஆலா, உள்ளான், நெடுங்கால் உள்ளான் ஜாஸ்தி, உப்பளத்துல சில வருசம் பூநாரை எறங்கும். பைனாகுலர் இங்க தெணறுது. ஒம்பதரைக்கு மேல உப்புப் பாத்தில இருந்து எழும்புற சூட்டுல காத்து நெளியுது, பறவை பூரா தண்ணிக்குள்ள ஆடுறாப்ல தெரியும், இது கண்ணாடியோட குத்தம் இல்ல, எந்த வெலைக்கு வாங்குனாலும் இதான் கதி. வெள்ளனே போயிட்டு ஒம்பதுக்குள்ள திரும்பிருங்க. அந்த வெயில்ல வெள்ளக் கொக்கோட ஓரத்துல லேசா ஊதா விளிம்பு தெரியுது, அது இந்த வெலைல எதிர்பாக்கவேண்டியதுதான். தூரத்துல சின்ன உள்ளான பிரிச்சு சொல்லணும்னா 8 பத்தாது, ஸ்கோப்புதான் வேணும், அதுக்கு ஸ்டாண்டோட இன்னும் பல ஆயிரம் ஆவும். வேம்பனூருக்கு ஒரு தடவதான் போனேன், அன்னைக்கு மழை, தாழைக்கோழியும் முக்குளிப்பானும் பாத்துட்டு வந்தாச்சு. ஆனா அந்த மழைல கண்ணாடி உள்ள ஆவி புடிக்கல, அத சொல்லணும். வரித்தலை வாத்து பாக்கணும்னா நம்ம மாவட்டம் இல்ல, நாங்குநேரி தாண்டி கூந்தன்குளம் போங்க.

கூட வந்த பட்டை மட்டம். மெலிசு நைலான், அரைமணி நேரத்துல பெடதில அறுக்குது. நான் தச்சுக்குடுக்க சொல்லி அகலமான பருத்தி பட்டை போட்டுக்கிட்டேன், 80 ரூபா. லென்சு மூடி முன்பக்கத்துது தானா கழண்டு விழும், நூலு போட்டு கட்டி வைங்க. கடல் பக்கம் போயிட்டு வந்தா லென்ச சட்டையால தொடைக்கவே தொடைக்காதீங்க, உப்புப் பொடி மணலு மாதிரி, கோடு விழுந்திரும். மொதல்ல ஊதி பிரஷ்ல தட்டிட்டு, சுத்தமான துணிய நல்ல தண்ணில லேசா நனச்சு ஒத்தி எடுங்க. நம்ம ஊரு ஈரத்துல லென்சுல பூஞ்சை புடிக்கும், அது புடிச்சா போகாது. பீரோக்குள்ள வைக்காம காத்து புகாத டப்பால ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா பாக்கெட்டோட வைங்க, பாக்கெட்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும்.

வாங்கலாமான்னு கேட்டா, வாங்கலாம், அஞ்சுக்கு நாலு. கொளத்துக்கரைல நிக்குற ஆளுக்கு 9,000-10,000 ரூபாய்ல இதுக்கு மேல தேவையில்ல. ஆறாயிரத்துக்கு கீழ வர்ற ரூஃப் பிரிசம் ஒண்ணு ரெண்டு நான் பாத்த வரைக்கும் ஓரமெல்லாம் கலங்கல்.

மார்ச்சு ரெண்டாம் வாரத்தோட ஊசிவால் காணல. அந்த சந்துல இப்ப நாமக்கோழிதான் நீந்துது. போன ஞாயிறு நீலச்சிறகி பதினொண்ணு எண்ணுனோம், ஆணெல்லாம் புருவத்துல அந்த வெள்ள வளைவு பளிச்சுன்னு வந்து, போறதுக்கு ரெடியா. வயல்ல கும்பப்பூ அறுத்து வைக்கோல் கெடக்கு. மக நோட்டுல கடைசி பக்கத்துல ஆகஸ்ட் 20-ன்னு எழுதி வட்டம் போட்டு வச்சிருக்கா, அன்னைல இருந்து தெனம் போகணுமாம். டயாப்டர் வளையத்துல வச்ச வெள்ளப்புள்ளி அழிஞ்சிட்டு வருது, அதுக்குள்ள மறுபடி வைக்கணும்.